முரளியின் முழங்கையும் கணினியின் கண்ணும்



இந்த முறை ஒரு முழங்கையின் வரலாறு. ஆம், ஒரே ஒரு மனிதருடைய வலது முழங்கை. அதை அளப்பதற்காக ஆஸ்திரேலியாவிலும் ஹாங்காங்கிலும் பல்கலைக்கழகங்கள் கேமராக்களைப் பூட்டின. கிரிக்கெட்டின் விதி ஒன்று திருத்தப்பட்டதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. இன்று கணினி நம் உடல் அசைவைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லத் தொடங்கியிருக்கும் காலத்தில், அந்த முழங்கையை மறந்துவிடக் கூடாது என்று எனக்குத் தோன்றுகிறது. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

நான் இருப்பது நசரத்பேட்டை. சுற்றிலும் பொறியியல் கல்லூரிகள். இறுதியாண்டு ப்ராஜெக்ட் தலைப்புகளைப் பார்த்தால் வருடா வருடம் ஒன்று தவறாமல் வரும்: செயற்கை நுண்ணறிவு மூலம் மனித உடல் அசைவை ஆராய்தல். யோகாசனம் சரியா என்று பார்ப்பது, நடையை வைத்து ஆளை அடையாளம் காண்பது, பிசியோதெரபி பயிற்சியை எண்ணுவது என்று பல வகை. மென்பொருள் இலவசம், கேமரா எல்லோர் கையிலும் இருக்கிறது. செல்போன் முன்னால் நின்றால் திரையில் நம் உடம்பின் மேல் குச்சி பொம்மை ஒன்று வந்து ஒட்டிக்கொள்ளும். கையைத் தூக்கினால் அதுவும் தூக்கும்.

பார்க்க வேடிக்கைதான். ஆனால் அந்தக் குச்சி பொம்மையை நம்பி ஒருவருடைய பிழைப்பையே தீர்மானிக்கலாமா? இந்தக் கேள்வியை கிரிக்கெட் முப்பது வருடங்களாகக் கேட்டுக்கொண்டிருக்கிறது. அதற்கு விடை தேடும் ஆய்வுக்கூடம் ஒன்று இதே பூந்தமல்லி சாலையில், போரூரில் இருக்கிறது. அங்கே வருவதற்கு முன் கொஞ்சம் பின்னால் போவோம்.

கண் மட்டும் இருந்த காலம்

பந்தை வீசலாம், எறியக் கூடாது. கிரிக்கெட்டின் மிகப் பழைய சட்டங்களில் இது ஒன்று. கை தோள் உயரத்துக்கு வந்த பிறகு, பந்து விரலை விட்டுப் போகும் வரை, முழங்கை மடங்கிய நிலையிலிருந்து நிமிரக் கூடாது. நிமிர்ந்தால் அது எறி. இதைக் கண்டுபிடிக்க அந்தக் காலத்தில் இருந்த ஒரே கருவி நடுவரின் கண்.

1963 டிசம்பரில் பிரிஸ்பேனில் ஒரு டெஸ்ட் போட்டி. ஆஸ்திரேலிய வேகப்பந்து வீச்சாளர் இயான் மெக்கிஃப் ஒரு ஓவர் போட்டார். அந்த ஓவரில் நடுவர் கோல் ஈகர் நான்கு முறை நோ-பால் என்றார், எறிகிறார் என்ற காரணத்துக்காக. மெக்கிஃபுக்கு அதற்குப் பிறகு பந்து தரப்படவில்லை. அந்தப் போட்டியோடு அவர் ஓய்வு பெற்றார். அளவும் இல்லை, சோதனையும் இல்லை, மேல்முறையீடும் இல்லை. ஒருவர் கண்ணுக்கு அப்படித் தெரிந்தது, இன்னொருவர் வாழ்க்கை முடிந்தது.

அசைவைப் பிடித்து வைத்து ஆராயும் வித்தை அப்போது இல்லாமல் இல்லை. 1878ல் எட்வர்ட் மைபிரிட்ஜ் அமெரிக்காவில் வரிசையாகக் கேமராக்களை வைத்து, ஓடும் குதிரையின் நான்கு குளம்புகளும் ஒரு கணம் தரையில் படாமல் இருக்கின்றன என்று காட்டிவிட்டார். அதுவரை எத்தனையோ ஓவியர்கள் குதிரையைத் தவறாகவே வரைந்துகொண்டிருந்தார்கள். 1880களில் பிரான்சின் எத்தியேன் ஜூல் மாரே மனிதர்களுக்குக் கறுப்பு உடை போட்டு, கை கால்களில் வெள்ளைக் கோடு இழுத்து, நடக்க வைத்துப் படம் எடுத்தார். கறுப்புப் பின்னணியில் உடம்பு மறைந்துவிடும், கோடுகள் மட்டும் தெரியும். நம் குச்சி பொம்மையின் கொள்ளுத் தாத்தா அதுதான்! ஆனால் இதெல்லாம் அறிவியல் கூடத்துக்குள்ளேயே இருந்தது. மைதானத்துக்குள் வர நூறு வருடத்துக்கு மேல் ஆனது.

மெல்போர்ன், 1995

முத்தையா முரளிதரன் 1972ல் கண்டியில் பிறந்தவர். அவருடைய தாத்தா 1920ல் தென்னிந்தியாவிலிருந்து தேயிலைத் தோட்ட வேலைக்கு இலங்கைக்குப் போனவர். மலையகத் தமிழ்க் குடும்பம். பின்னாளில் முரளி சென்னையின் மாப்பிள்ளையும் ஆனார். பிறவியிலேயே அவருடைய வலது முழங்கை முழுவதுமாக நிமிராது. மணிக்கட்டும் தோளும் மற்றவர்களுக்குச் சுழலாத அளவுக்குச் சுழலும்.

1995 டிசம்பர் 26. மெல்போர்ன் மைதானம். நடுவர் டேரல் ஹேர், பந்து வீசும் முனையில் நின்றபடி, மூன்று ஓவர்களில் ஏழு முறை முரளி பந்தை எறிகிறார் என்று நோ-பால் கொடுத்தார். கேப்டன் அர்ஜுன ரணதுங்கா ஒரு காரியம் செய்தார். முரளியை மறு முனைக்கு மாற்றினார். அங்கே நியூசிலாந்து நடுவர் ஸ்டீவ் டன் நின்றார். அந்தப் பக்கத்திலிருந்து முரளி முப்பது ஓவருக்கு மேல் வீசினார். டன் ஒரு முறை கூட நோ-பால் சொல்லவில்லை. ஸ்கொயர் லெக்கில் நின்ற ஹேரும் சொல்லவில்லை.

இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அதே நாள், அதே கை, அதே பந்து. பார்ப்பவரும் பார்க்கும் இடமும் மாறியவுடன் குற்றம் காணாமல் போய்விட்டது.

பத்து நாள் கழித்து, 1996 ஜனவரி 5 அன்று பிரிஸ்பேனில் ஒருநாள் போட்டியில் இன்னொரு நடுவர், ராஸ் எமர்சன், மறுபடியும் நோ-பால் கொடுத்தார். முரளி லெக் பிரேக் வீசிப் பார்த்தார். அதற்கும் நோ-பால்! லெக் பிரேக்கை எறிவது நடைமுறையில் முடியாத காரியம் என்று கிரிக்கெட் ஆடுபவர்கள் சொல்வார்கள். நடுவரின் கண் அதற்குள் முடிவு செய்துவிட்டிருந்தது.

கம்பியும் நிழலும்

1996ல் இலங்கை கிரிக்கெட் வாரியம் முரளியைச் சோதனைக்கு அனுப்பியது. பெர்த்தில் உள்ள மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்திலும், ஹாங்காங் அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும் அவருடைய வீச்சு அதிவேகக் கேமராக்களால் பல கோணங்களிலிருந்து படமெடுக்கப்பட்டது. முழங்கை நிமிரவில்லை, நிமிர்வது போன்ற தோற்றம் ஒரு கண் மயக்கம் என்று முடிவு வந்தது. சர்வதேச கிரிக்கெட் கவுன்சில் அவரை விளையாட அனுமதித்தது.

அது எப்படி மயக்கம் ஆகும்? வீட்டிலேயே செய்து பார்க்கலாம். ஒரு கம்பியை நடுவில் லேசாக வளைத்துக்கொள்ளுங்கள். விளக்குக்கும் சுவருக்கும் நடுவில் பிடியுங்கள். சுவரில் வளைந்த நிழல் விழும். இப்போது கம்பியின் ஒரு முனையைப் பிடித்து விரல்களால் மெல்ல உருட்டுங்கள். நிழல் கொஞ்சம் கொஞ்சமாக நேராகும், பிறகு மறுபடி வளையும். கம்பியின் வளைவு ஒரு டிகிரி கூட மாறவில்லை. நிழல் மட்டும் மாறியது.

முரளியின் கை அந்தக் கம்பி. மடங்கியே இருக்கும் முழங்கை, தோளிலிருந்து வேகமாகச் சுழலும்போது, ஒரே இடத்தில் நின்று பார்ப்பவருக்கு அது நிமிர்வது போலத் தெரியும். நம் கண்ணில் விழுவதும் ஒரு நிழல்தான், தொலைக்காட்சியில் விழுவதும் நிழல்தான். மேலும், கை தோள் உயரத்திலிருந்து பந்தை விடுவதற்கு ஆகும் நேரம் ஏறக்குறைய ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு. நொடிக்கு 25 படங்கள் காட்டும் தொலைக்காட்சியில் அதற்குள் இரண்டு மூன்று படங்கள்தான் கிடைக்கும். இதை வைத்துக்கொண்டு எத்தனை பேர் எத்தனை வருடம் சண்டை போட்டார்கள்!

சோதனை முடிந்தும் சண்டை முடியவில்லை. 1999 ஜனவரி 23 அன்று அடிலெய்டில், இங்கிலாந்துக்கு எதிரான ஆட்டத்தில், எமர்சன் மறுபடி நோ-பால் கொடுத்தார். ரணதுங்கா அணியையே எல்லைக் கோடு வரை அழைத்துப் போய்விட்டார். ஆட்டம் நின்று, பிறகு தொடர்ந்து, கடைசியில் 300க்கு மேலான இலக்கைத் துரத்தி இலங்கை வென்றது. 2004ல் முரளி கையில் உலோகப் பட்டைகள் வைத்த உறுதியான கவசத்தை மாட்டிக்கொண்டு, முழங்கை அசைய வழியே இல்லாத நிலையில், பிரிட்டனின் சேனல் 4 தொலைக்காட்சிக்காகத் தன் பந்துகளை வீசிக் காட்டினார். டெஸ்ட் கிரிக்கெட்டின் தலைசிறந்த பந்துவீச்சாளர்களில் ஒருவர், நான் திருடன் இல்லை என்று நிரூபிக்கக் கையில் கவசம் மாட்டிக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது. எனக்கு இந்தக் கதையில் மிகவும் உறுத்துகிற இடம் இதுதான்.

15 டிகிரி வந்த கதை

2004 மார்ச்சில், ஆஸ்திரேலியாவுடனான தொடரின் முடிவில், முரளியின் தூஸ்ரா பந்தின் மேல் ஆட்ட நடுவர் கிறிஸ் பிராட் புகார் எழுதினார். பெர்த்தில் மறுபடி சோதனை. இம்முறை அந்த ஒரு பந்தில் முழங்கை சுமார் 14 டிகிரி நிமிர்வதாகத் தெரிந்தது. பயிற்சிக்குப் பின் சுமார் 10 டிகிரியாகக் குறைந்தது. அப்போதைய வரம்பு சுழற்பந்துக்கு 5 டிகிரி, மிதவேகத்துக்கு 7.5, வேகப்பந்துக்கு 10.

அதாவது கேமரா முரளியின் வக்கீல் வேலை பார்க்கவில்லை. அவருக்குப் பாதகமானதையும் அதுவே சொன்னது. ஆனால் அது இன்னொன்றையும் சொன்னது. அதே 2004ல் இங்கிலாந்தில் நடந்த சாம்பியன்ஸ் கோப்பையில் மற்ற பந்துவீச்சாளர்களையும் படமெடுத்து ஆராய்ந்தார்கள். யாரும் சந்தேகப்படாத, அழகான வீச்சு என்று பெயர் வாங்கிய பலருடைய முழங்கையும் வரம்பைத் தாண்டி நிமிர்ந்தது! அவர்கள் மேல் யாரும் புகார் எழுதவில்லை. ஏனென்றால் அவர்கள் வீசுவது, பந்துவீச்சு எப்படி இருக்க வேண்டும் என்று நாம் மனதில் வைத்திருக்கும் படத்தோடு ஒத்துப்போனது. முரளியின் கை ஒத்துப்போகவில்லை.

அரவிந்த டி சில்வா, மைக்கேல் ஹோல்டிங், ஆங்கஸ் ஃபிரேசர் போன்ற முன்னாள் வீரர்கள் இருந்த குழு பரிந்துரைத்து, 2005 மார்ச் 1 முதல் எல்லோருக்கும் பொதுவாக 15 டிகிரி என்ற வரம்பு வந்தது. முரளிக்காகச் சட்டத்தை வளைத்தார்கள் என்று இன்றும் சொல்பவர்கள் உண்டு. பழைய வரம்பை அப்படியே அமல்படுத்தியிருந்தால் எத்தனை அணிகளுக்குப் பந்துவீச ஆள் கிடைக்காமல் போயிருக்கும் என்பதை அவர்கள் சேர்த்துச் சொல்வதில்லை. 2010 ஜூலையில் காலியில் தன் 800வது விக்கெட்டோடு முரளி டெஸ்ட் கிரிக்கெட்டிலிருந்து ஓய்வு பெற்றார்.

போரூர்

2014ல் சர்வதேச கிரிக்கெட் கவுன்சில் சந்தேக வீச்சுகளின் மேல் கடுமையாக இறங்கியது. அதுவரை சுமார் இருபது வருடம் சோதனை செய்துவந்த பெர்த் பல்கலைக்கழகம், புதிய சோதனை முறையோடு உடன்படாமல் அதே வருடம் விலகிக்கொண்டது. வேறு ஊர்களில் ஆய்வுக்கூடங்கள் அங்கீகாரம் பெற்றன. பிரிஸ்பேன், லஃப்பரோ ஆகியவற்றோடு நம்ம சென்னையும் ஒன்று. போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா விளையாட்டு அறிவியல் மையம்.

பாகிஸ்தானின் சயீத் அஜ்மல், ஒருநாள் போட்டிகளில் உலகின் முதல் இடத்தில் இருந்தபோது 2014 செப்டம்பரில் தடை செய்யப்பட்டார். வீச்சைத் திருத்திக்கொண்டு அவர் மறு சோதனைக்கு வந்த இடம் சென்னை, 2015 ஜனவரி 24. பிப்ரவரியில் அனுமதி கிடைத்தது. ஆனால் பழைய அஜ்மல் திரும்பவில்லை. சில போட்டிகள்தான் ஆடினார், 2017ல் ஓய்வு பெற்றுவிட்டார். மேற்கிந்தியத் தீவுகளின் சுனில் நரைன், பாகிஸ்தானின் முகமது ஹஃபீஸ் ஆகியோரும் 2015ல் இங்கே சோதிக்கப்பட்டார்கள். 2016 மார்ச்சில், இருபது ஓவர் உலகக் கோப்பையின் நடுவில், வங்கதேசத்தின் தஸ்கின் அகமதும் அராஃபத் சன்னியும் வந்தார்கள். தஸ்கினின் சாதாரணப் பந்தும் யார்க்கரும் சரி. சோதனையில் வீசிய 9 பவுன்சர்களில் 3 மட்டும் 15 டிகிரியைத் தாண்டின. உலகக் கோப்பை அவருக்கு அத்தோடு முடிந்தது. அதே வருடம் செப்டம்பரில் பிரிஸ்பேன் மறு சோதனையில் இருவரும் தேறினார்கள்.

அங்கே எப்படி அளக்கிறார்கள்? வீச்சாளரின் தோள், மேல்கை, முழங்கையின் உள் பக்கம், வெளிப் பக்கம், முன்கை, மணிக்கட்டு என்று பல இடங்களில் ஒளியைத் திருப்பி அனுப்பும் சிறு உருண்டைகளை ஒட்டுவார்கள். சுற்றிலும் பல அகச்சிவப்புக் கேமராக்கள், நொடிக்கு நூற்றுக்கணக்கான படங்கள். ஒவ்வொரு உருண்டையும் வெளியில் எங்கே இருக்கிறது என்று கணினி கணக்கிடும். உள் பக்க, வெளிப் பக்க உருண்டைகளை வைத்து, தோலுக்குள் மறைந்திருக்கும் மூட்டின் மையத்தைக் கண்டுபிடிக்கும். முழங்கை நிமிர்ந்ததா, வெறுமனே கை உருண்டதா என்று அப்போதுதான் பிரித்துச் சொல்ல முடியும். ஒரே கம்பியைப் பல விளக்குகள் வைத்துப் பல சுவர்களில் நிழல் பார்ப்பது போல.

இதற்கே கருத்து வேறுபாடு இருக்கிறது. பெர்த் விலகியது ஏன்? ஒரு முறையில் வரும் எண் இன்னொரு முறையில் அப்படியே வராது என்பதால்தான் முறையைப் பற்றியே விவாதம் வந்தது. உருண்டையை எங்கே ஒட்டுகிறோம், பந்து விடுபட்ட கணம் எது, இதிலெல்லாம் சில டிகிரி ஏறும் இறங்கும். 15க்கு மேலே கீழே என்று ஒருவருடைய தொழில் தொங்கும்போது சில டிகிரி என்பது சின்ன விஷயமா?

உருண்டை இல்லாத கணினி

இனி செயற்கை நுண்ணறிவுக்கு வருவோம். இதன் வாக்குறுதி பெரியது: உருண்டை வேண்டாம், ஆய்வுக்கூடம் வேண்டாம், சாதாரண வீடியோ போதும். 2010ல் மைக்ரோசாஃப்டின் கினெக்ட், ஆழத்தை அளக்கும் கேமராவோடு வீட்டுக்குள் வந்தது. 2014ல் கூகுளைச் சேர்ந்த இருவர், சாதாரணப் புகைப்படத்திலிருந்தே மூட்டுகளைக் கண்டுபிடிக்கும் டீப்போஸ் என்ற ஆழ்கற்றல் முறையை வெளியிட்டார்கள். 2017ல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் ஓப்பன்போஸ், ஒரே படத்தில் பலருடைய உடலையும் ஒரே சமயத்தில் குச்சி பொம்மையாக்கியது. 2020ல் கூகுளின் பிளேஸ்போஸ் அதை 33 புள்ளிகளோடு செல்போனுக்குள் கொண்டுவந்தது. 2023ல் சென்னை ஐஐடியின் விளையாட்டு அறிவியல் மையம், குத்துச்சண்டை வீரர்களின் அசைவை உணரிகளாலும் கேமராவாலும் ஆராயும் ஸ்மார்ட்பாக்ஸர் என்ற அமைப்பை அறிவித்தது. ஆக இது எங்கோ நடக்கும் சங்கதி இல்லை.

ஆனால் முழங்கை எங்கே இருக்கிறது என்று கணினிக்கு யார் சொல்லிக்கொடுத்தது? மனிதர்கள்தான். கோகோ என்ற புகழ்பெற்ற படத்தொகுப்பில் ஒவ்வொரு ஆளுக்கும் 17 புள்ளிகள். இணையத்தில் கூலிக்கு வேலை செய்பவர்கள் படத்தைப் பார்த்து, இதுதான் தோள், இதுதான் முழங்கை என்று கண்ணளவில் குறித்தவை. சட்டைக்குள் மறைந்திருந்தாலும் உத்தேசமாகக் குறித்தவை. ஆக, நடுவரின் கண்ணை நம்பக் கூடாது என்று கேமராவிடம் போன நாம், ஆயிரக்கணக்கான கண்களின் உத்தேசத்தைக் கற்றுக்கொண்ட ஒரு கணினியிடம் வந்து நிற்கிறோம்.

அதுவும் போகட்டும். முப்பரிமாணத்தில் உடலைக் கற்பிக்கவும் சோதிக்கவும் உலகம் முழுக்கப் பயன்படும் ஒரு தொகுப்பின் பெயர் ஹியூமன் 3.6எம். 36 லட்சம் உடல் நிலைகள் கொண்டது, 2014ல் வந்தது. கேட்கும்போது மலைப்பாக இருக்கிறது அல்லவா? அதில் இருப்பவர்கள் மொத்தம் 11 நடிகர்கள். நடப்பது, உட்காருவது, சாப்பிடுவது, போன் பேசுவது. முரளி மாதிரி முழங்கை அதில் எத்தனை இருக்கும்?

ஒரே கேமராவில் பிடித்த வீடியோவில் தோள், முழங்கை, மணிக்கட்டு என்ற மூன்று புள்ளிகளை இணைத்துக் கோணம் கணக்கிட்டால், 1995ல் ஹேர் பார்த்த அதே நிழலைத்தான் நாமும் அளக்கிறோம். வித்தியாசம் என்னவென்றால் ஹேர் கையை நீட்டி நோ-பால் என்றார், கணினி 22.4 டிகிரி என்று தசம ஸ்தானத்தோடு சொல்லும். தசமம் வந்துவிட்டால் நம்ம ஊரில் யாரும் எதிர்த்துக் கேட்பதில்லை :-)

கணினி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. முரளியைக் காப்பாற்றியதே கருவிதான். நடுவரின் கண்ணோடு விட்டிருந்தால் அவர் இன்னொரு மெக்கிஃப் ஆகியிருப்பார். பெர்த்திலும் போரூரிலும் செய்தது போல, அந்தத் தனி மனிதருடைய எலும்பையும் மூட்டையும் வைத்து அளப்பது ஒரு வேலை. பொதுவாக மனிதர்கள் எப்படி அசைவார்கள் என்று கற்றுக்கொண்டு, அதிலிருந்து இவர் எப்படி அசைந்திருப்பார் என்று ஊகிப்பது இன்னொரு வேலை. இரண்டாவதைச் செய்துவிட்டு முதலாவதைச் செய்ததாகச் சொல்லிக்கொள்ளக் கூடாது.

கிரிக்கெட்டுக்கு வெளியே இது இன்னும் முக்கியம். போலியோவால் ஒரு கால் சூம்பியவர், விபத்தில் கை மடங்கிப் போனவர், பக்கவாதத்துக்குப் பின் நடை பழகுகிறவர்: நடையை அளக்கும் மென்பொருள் அதிகம் தேவைப்படுவது இவர்களுக்குத்தான். பயிற்சித் தொகுப்புகளில் குறைவாக இருப்பவர்களும் இவர்கள்தான். நாளை ஒரு மருத்துவமனையிலோ தொழிற்சாலை வாசலிலோ கணினி இவர்களைப் பார்த்து அசைவு தவறு என்று சொன்னால், முரளிக்குப் பின்னால் ரணதுங்கா நின்றது போல இவர்களுக்காக நிற்பது யார்?

உடல் அசைவு ப்ராஜெக்ட் எடுக்கும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் மென்பொருளை ஹாஸ்டல் நண்பர்களை வைத்து மட்டும் சோதிக்காதீர்கள். எல்லோரும் இருபது வயது, எல்லோருக்கும் கை நேராக நிமிரும். கை முழுதாக நிமிராத ஒருவரிடம், அவர் சம்மதத்தோடு, கோணமானி வைத்து நேரில் அளந்து, கணினி சொல்லும் எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வித்தியாசம் எவ்வளவு என்பதையும் அறிக்கையில் எழுதுங்கள். அந்த ஒரு பக்கம் மற்ற ஐம்பது பக்கங்களை விடப் பயனுள்ளதாக இருக்கும்.

அதற்கு முன்னால், இன்று ராத்திரி அந்தக் கம்பிச் சோதனையைச் செய்து பாருங்கள். செல்போன் டார்ச் போதும்.